ஹார்னிமன் சர்க்கிள் எர்மெஸ் கடை: விலையை விடுங்கள், தையலைப் பாருங்கள்

தோல் வேலை தெரிந்தவர், தோல் பொருள் விற்பவர், இல்லை நல்ல கைவேலையைக் கண்டால் நின்று பார்க்கிற பழக்கம் உள்ளவர், யாராக இருந்தாலும் மும்பை ஃபோர்ட்டில் ஹார்னிமன் சர்க்கிளில் இருக்கிற எர்மெஸ் (Hermès) என்ற பிரெஞ்சுத் தோல், பட்டு நிறுவனத்தின் கடைக்குள் கட்டாயம் ஒரு முறை போய் வர வேண்டும். இந்தக் கடையைப் பற்றி நம் ஆட்கள் பேசினாலே அவர்களுடைய பர்கின் என்ற கைப்பை எத்தனை லட்சம், எந்த நடிகை கையில் எந்த நிறம் என்பதோடு பேச்சு முடிந்துவிடுகிறது. அங்கே பார்க்க வேண்டியது வேறு. அதைச் சொல்லத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

எங்கள் குடும்பம் தாராவியில் தோல் வேலை செய்கிற குடும்பம். தாத்தா திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து முதலில் தோல் பதனிடும் இடத்தில் வேலை பார்த்தார், அப்புறம் விக்டோரியா வண்டிக் குதிரைகளுக்கு வார் தைத்துக் கொடுத்தார். அப்பா காலத்தில் அது பை, பர்ஸ், பெல்ட் என்று மாறியது. இப்போது நானும் அதே தொழில்தான். அதனால் இது துணிமணி ரசிகர் எழுதும் விமர்சனம் இல்லை, ஊசியும் நூலும் பிடித்த கை எழுதுவது.

சயானில் ஸ்லோ லோக்கல் ஏறி சிஎஸ்எம்டியில் இறங்கினால் நடந்தே போய்விடலாம். ஹார்னிமன் சர்க்கிளுக்கு முன்பு எல்ஃபின்ஸ்டன் சர்க்கிள் என்று பெயர், பாம்பே கிரானிக்கிள் பத்திரிகையின் ஆசிரியராக இருந்த பெஞ்சமின் ஹார்னிமன் பெயரைப் பின்னால் வைத்தார்கள். நடுவில் தோட்டம், சுற்றிலும் ஒரே மாதிரி வளைவுகள் கொண்ட பழைய கட்டடங்கள், ஒரு பக்கம் ஏஷியாட்டிக் சொசைட்டியின் அகலமான படிக்கட்டு. 2011இல் எர்மெஸ் இங்கே கடை போட்டது. மாலுக்குள்ளோ ஐந்து நட்சத்திர ஓட்டலுக்குள்ளோ ஒதுங்காமல், தெருவைப் பார்த்த ஒரு பழைய கட்டடத்தைச் சீராக்கி உள்ளே உட்கார்ந்தது எனக்கு மிகவும் பிடித்த விஷயம். கடை தெருவில் இருந்தால் தெருவில் போகிறவனும் கண்ணாடி வழியே பார்க்கலாம். சன்னல் ஜோடனையை இந்த நிறுவனம் ஒரு கலையாகவே வைத்திருக்கிறது. பாரிஸ் கடையின் சன்னல்களைப் பல பத்தாண்டுகள் அலங்கரித்தவர் துனீசியாவில் பிறந்த லெய்லா மென்ஷாரி என்ற பெண்மணி, அந்தச் சன்னல்களைப் பார்க்கவே கூட்டம் வருமாம். ஹார்னிமன் சர்க்கிள் சன்னலும் அந்த மரபில்தான், விற்பனைப் பொருளைக் குவித்து வைக்காமல் ஒரு சின்ன நாடக மேடை போல அமைக்கிறார்கள்.

உள்ளே போகப் பலர் கூச்சப்படுவது எனக்குத் தெரியும். தாராவிப் பையன்களிடம் போய்ப் பாருங்கடா என்றால் "அண்ணே, வாசலிலேயே நிறுத்திடுவாங்க" என்பார்கள். என்னை யாரும் நிறுத்தவில்லை. தோல் தொழில் செய்கிறேன், தையலைப் பார்க்க வேண்டும் என்று நேராகச் சொன்னேன். அங்கிருந்தவர் முகம் மலர்ந்து ஒரு சின்னப் பையை எடுத்து மேசையில் வைத்து, திருப்பிப் பார்க்கவும் விட்டார். வாங்குவீர்களா என்று கேட்கவில்லை. கேள்விக்குப் பதில் தெரிந்த விற்பனையாளர்கள், இது சின்ன விஷயம் இல்லை. எத்தனையோ பெரிய ஷோரூம்களில் இது என்ன தோல் என்று கேட்டால் 'ஜெனுயின் லெதர் சார்' என்பதற்கு மேல் ஒரு வார்த்தை வராது.

சரி, தையலுக்கு வருகிறேன்.

நம் பட்டறைகளில் பை தைப்பது மெஷினில். மெஷின் தையலில் மேல் நூல் ஒன்று, பாபினிலிருந்து வரும் கீழ் நூல் ஒன்று, இரண்டும் தோலின் நடுவில் ஒன்றையொன்று கொக்கி போட்டுப் பிடித்துக்கொள்ளும். வேகம் வரும், வரிசை நேராக வரும், ஆனால் ஓரிடத்தில் நூல் அறுந்தால் பக்கத்துத் தையலும் தளரும், இழுத்தால் வரிசையாக உருவிக்கொண்டு வரும். இந்தக் கடைப் பைகளில் இருப்பது சேணத் தையல், குதிரைச் சேணத்துக்கும் வாருக்கும் போடுகிற கைத்தையல். அது அப்படி இல்லை. ஒரே நூல், அதன் இரண்டு முனையிலும் ஊசி. குத்தூசியால் சாய்வாகத் துளை போட்டு, அந்த ஒரே துளைக்குள் இடக்கை ஊசி ஒரு பக்கமிருந்தும் வலக்கை ஊசி மறுபக்கமிருந்தும் போய் வரும். தைக்கிற துண்டைப் பிடிக்க நீளமான மரக் கவ்வியை இரண்டு முழங்காலுக்கும் நடுவில் இடுக்கிக்கொள்வார்கள், அப்போதுதான் இரண்டு கையும் சும்மா இருக்கும். ஆளிச் செடி நாரில் திரித்த லினன் நூல், தேன்மெழுகில் இழுத்தது. ஒரு தையல் தேய்ந்து அறுந்தாலும் மறுபக்கத்து நூல் அதே துளையில் பிடித்துக்கொண்டு நிற்கும். குதிரை பாய்ந்து ஓடும்போது கடிவாள வார் பிய்ந்தால் மேலே இருக்கிறவன் கதி என்ன என்று யோசித்துப் பாருங்கள், இந்தத் தையல் எதற்காக வந்தது என்று புரியும்.

என் தாத்தா தைத்ததும் இதே தையல்தான். அவர் எர்மெஸ் என்ற பெயரைக் கேள்விப்பட்டே இருக்க மாட்டார்.

கடையில் பையைக் கையில் எடுத்தால் கைப்பிடி உடம்போடு சேரும் இடத்தைப் பாருங்கள். தையல் ஒவ்வொன்றும் லேசாகச் சாய்ந்திருக்கும், மெஷினில் போட்ட கோடு மாதிரி செத்த நேராக இருக்காது. அப்புறம் ஓரம். இரண்டு மூன்று தோல் சேரும் ஓரத்தைத் தேய்த்து, சாயம் கொடுத்து, மெழுகேற்றி, சூட்டுக் கருவியால் இழுத்து, மறுபடி தேய்த்து, இப்படிப் பல சுற்று போனால்தான் அந்த ஓரம் ஒரே தோலாகத் தெரியும். விரல் நகத்தால் தடவினாலும் இணைப்பு தட்டாது. நம் மார்க்கெட்டில் பிளேடால் வெட்டி ஒரு கோட் பெயிண்ட் அடித்து அனுப்புகிற ஓரம் ஆறு மாதத்தில் உரிகிறதே, அதற்குக் காரணம் தோல் மட்டம் என்பதல்ல, நேரம் கொடுக்காததுதான்.

இந்தத் தையலைத் தெரிந்துகொண்ட பிறகு நிறுவனத்தின் கதையைக் கேட்டால் எல்லாம் பொருந்தி வரும். தியெரி எர்மெஸ் 1801இல் க்ரேஃபெல்ட் என்ற ஊரில் பிறந்தார். இப்போது அது ஜெர்மனியில் இருக்கிறது, அன்று பிரெஞ்சு ஆட்சியில் இருந்தது. பட்டுக்கும் வெல்வெட்டுக்கும் பேர்போன நெசவு ஊர். போரிலும் நோயிலும் குடும்பத்தை இழந்து அநாதையாகிப் பிரான்சுக்குப் போனார், நார்மண்டியில் போன் ஓதமேர் என்ற ஊரில் சேண வேலை கற்றார், 1837இல் பாரிஸில் சொந்தமாகப் பட்டறை போட்டார். கவனியுங்கள், அது கடை இல்லை, பட்டறை. கோச்சு வண்டி வைத்திருந்த பணக்காரர்களுக்குக் குதிரை வாரும் கடிவாளமும் செய்து கொடுத்தார். 1867 உலகக் கண்காட்சியில் முதல் தரப் பதக்கம் கிடைத்தது. 1878இல் இறந்துபோனார். அவர் வாழ்நாளில் ஒரு கைப்பை கூடச் செய்ததில்லை. இன்று அவர் பெயரைச் சொன்னால் உலகமே கைப்பையைத்தான் நினைக்கிறது, ஆனால் நிறுவனரைப் புரிந்துகொள்ள வேண்டுமானால் அவரைக் குதிரைக்காரர்களின் தொழிலாளியாகத்தான் பார்க்க வேண்டும்.

மகன் ஷார்ல் எமில் 1880இல் தொழிலை 24, ஃபோபூர் சேன் ஒனொரே என்ற முகவரிக்கு மாற்றினார், சேணமும் செய்ய ஆரம்பித்தார். இன்றும் தலைமைக் கடை அதுதான், மேல் மாடியில் சேணப் பட்டறை இன்னும் இருக்கிறது. 1900 வாக்கில் சவாரிக்காரர்கள் தங்கள் சேணத்தையும் பூட்ஸையும் எடுத்துப் போக உயரமான ஒரு பை செய்தார்கள், பின்னால் வந்த பர்கின் பையின் வடிவம் அதிலிருந்து இறங்கியதுதான்.

அடுத்த தலைமுறைதான் எனக்கு மிகவும் நெருக்கமானது, ஏனென்றால் எங்கள் வீட்டில் நடந்தது அங்கே நூறு வருடம் முன்பே நடந்துவிட்டது. கார் வந்துவிட்டது, குதிரை போகப் போகிறது, கடிவாளம் யாருக்கு வேண்டும்? ஷார்ல் எமிலின் மகன்கள் அடோல்ஃப், எமில் மொரீஸ் இருவரும் சேர்ந்து தொழிலை நடத்தினார்கள். அண்ணனுக்கு நம்பிக்கை போய்விட்டது, அவர் பங்கைத் தம்பி எமில் மொரீஸ் வாங்கிக்கொண்டார். முதல் உலகப் போர்க் காலத்தில் எமில் மொரீஸ் வட அமெரிக்கா போனபோது கார் கூரைத் துணியை ஒரு பல்வரிசை ஓடி மூடுவதைப் பார்த்தார், நாம் ஜிப் என்கிறோமே அது. பிரான்சில் அதைப் பயன்படுத்தும் தனி உரிமையைக் கையோடு வாங்கி வந்தார். 1923இல் ஜிப் வைத்த பை வந்தது, கார்ப் பயணத்துக்கென்றே. குதிரையைக் கொன்ற காரிலிருந்தே அடுத்த பிழைப்பை எடுத்தார் அந்த மனிதர், ஆனால் தையலை மட்டும் மாற்றவில்லை. சேணத் தையலையே பைக்குக் கொண்டுவந்தார். இதுதான் இந்த நிறுவனத்தின் மொத்தக் கதையும் என்று நினைக்கிறேன். மற்றதெல்லாம் இதிலிருந்து கிளைத்தவை.

மும்பையில் விக்டோரியா வண்டிகள் 2015இல் வந்த உயர் நீதிமன்றத் தீர்ப்புக்குப் பிறகு நின்றுபோயின. குதிரைகள் பட்ட பாட்டைப் பார்த்தவர்களுக்கு அந்தத் தீர்ப்பில் குறை சொல்ல மனம் வராது. ஆனால் அந்த வண்டிகளுக்கு வார் தைத்த கைகளோடு அந்தத் தையலும் போய்விட்டது, அதை வேறொரு பொருளுக்கு மாற்றி வைக்க யாரும் இல்லை. அதே வருடம் மகாராஷ்டிராவில் மாடு வெட்டும் தடை கடுமையாகி, எங்கள் பக்கம் தோல் வரத்தும் சுருங்கி, ரெக்ஸின் கூடியது. எமில் மொரீஸ் கதையைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு இந்த வருத்தம் வரும்.

கடையில் எவெலின் பை இருந்தால் கேட்டுப் பாருங்கள். 1978இல் குதிரை பராமரிப்பவர்களுக்காகச் செய்தது, பிரஷ், துணி எல்லாம் போட்டுக்கொள்ள. முன்பக்கம் துளைகளால் ஓர் எச் எழுத்து இருக்கிறதே, பார்ப்பவர்கள் அதை விளம்பரம் என்று நினைக்கிறார்கள். ஈரப் பிரஷ் காய்வதற்குக் காற்று போக வைத்த துளை அது. அந்த எழுத்து உடம்போடு ஒட்டி உள்பக்கம் இருக்க வேண்டும் என்பதுதான் முதலில் நினைத்தது.

கெல்லி, பர்கின் பற்றி எல்லோருக்கும் தெரியும் என்பதால் சுருக்கமாக. 1930களில் எமில் மொரீஸின் மருமகன் ரோபேர் துமா வரைந்த பையை 1956இல் மொனாக்கோ இளவரசி கிரேஸ் கெல்லி வயிற்றை மறைத்துப் பிடித்த படம் பிரபலமாகி, பைக்கு அவர் பெயரே நின்றது. 1984இல் பாரிஸிலிருந்து லண்டன் போகும் விமானத்தில் ரோபேரின் மகன் ஜான் லூயி துமா பக்கத்தில் நடிகை ஜேன் பர்கின் உட்கார, அவர் பையிலிருந்து சாமான்கள் கொட்ட, கைக்குழந்தைக்காரிக்குத் தோதான பை ஒன்றுமில்லை என்று அவர் சொல்ல, அங்கேயே படம் வரைந்திருக்கிறார்கள். அவருக்கென்று செய்த அந்த முதல் பையை 2025 ஜூலையில் பாரிஸ் சோத்பீஸ் ஏலத்தில் சுமார் 86 லட்சம் யூரோவுக்கு எடுத்தார்கள்.

இங்கேதான் எனக்கு இந்த நிறுவனத்தோடு பெரிய கருத்து வேறுபாடு. பர்கினும் கெல்லியும் கேட்டவுடன் கிடைக்காது. எந்த ஊர் எர்மெஸ் ஆனாலும் இதுதான் நிலை. உலகம் முழுக்க வாடிக்கையாளர்கள் சொல்வது, முதலில் ஸ்கார்ஃப், செருப்பு, தட்டு, நகை என்று வாங்கி 'உறவு' வளர்த்த பிறகுதான் பை கண்ணில் படும் என்று. 2024இல் கலிஃபோர்னியாவில் இதை எதிர்த்து வழக்கே போட்டார்கள், நீதிமன்றம் தள்ளுபடி செய்துவிட்டது. சட்டப்படி சரியாக இருக்கலாம். கையால் தைப்பதால் குறைவாகத்தான் வரும் என்பதையும் தொழிலாளியாக நான் முழுக்க ஒப்புக்கொள்கிறேன். அப்படியானால் பெயரை எழுதிக்கொண்டு வரிசைப்படி கொடுக்கலாமே. எங்கள் தாத்தாவிடம் வார் தைக்கச் சொன்னவன் வரிசைப்படிதான் வாங்கிப் போனான். உழைப்பின் அருமையைச் சொல்லி விற்கிற கடை, வாங்குபவரைக் காக்க வைக்கும் முறையிலும் அந்த நேர்மையைக் காட்ட வேண்டும்.

பட்டுப் பக்கம் போங்கள், அங்கே இந்தத் தொல்லை எதுவும் இல்லை, எடுத்து விரித்துக் காட்டுவார்கள். 1937இல் வந்தது முதல் சதுர ஸ்கார்ஃப், குதிரை பூட்டிய பொது வண்டிகளை வைத்து வரைந்த படம். 90 சென்டிமீட்டர்க்கு 90, லியோன் நகரத்தில் அச்சடிப்பது. ஒவ்வொரு நிறத்துக்கும் தனி அச்சுச் சட்டகம், ஒரு ஸ்கார்ஃபுக்கு முப்பது நிறம் சாதாரணம். ஓரத்தைப் பாருங்கள், மெஷினில் மடித்தது இல்லை, விரலால் உருட்டிக் கையால் தைத்தது, தடவினால் குண்டாக ஒரு கயிறு போல ஓடும். காஞ்சிப் பட்டு பார்த்து வளர்ந்த நம் வீட்டுப் பெண்கள் இதன் கனத்தைக் கையில் வாங்கியதுமே மதிப்புப் போட்டுவிடுவார்கள். என் அத்தையைக் கூட்டிப் போயிருந்தேன், அவர் விரித்துப் பார்த்துவிட்டு "நூல் நல்ல நூல், ஆனா ஜரிகை இல்லாம இந்த விலையா" என்றார். ஒரு நல்ல கல்யாணப் பட்டின் விலை ஆகும் என்பது உண்மைதான், இறக்குமதி வரியும் சேர்கிறது. 2011இல் இந்தியாவுக்கென்று கொஞ்சம் சேலைகளும் போட்டார்கள். என்னைக் கேட்டால் சேலை அவர்கள் வேலை இல்லை. சதுரத்தில் வரைகிற அந்தக் கைக்கு சதுரம்தான் அழகு.

விலையைப் பற்றி. ஒரு பையை ஒரே கைவினைஞர் முதலிலிருந்து கடைசி வரை செய்கிறார், பதினைந்து இருபது மணி நேரம் ஆகிறது, உள்ளே அவர் அடையாள முத்திரை இருக்கும். ரிப்பேருக்குத் திரும்பி வந்தால் யார் செய்தது என்று தெரியும். ஒரு பட்டறையில் 300 பேருக்கு மேல் சேர்ப்பதில்லை, கூடினால் வேறு ஊரில் புதுப் பட்டறை போடுகிறார்கள். 2024 கணக்கு முடிந்ததும் உலகம் முழுக்க உள்ள எல்லா ஊழியர்களுக்கும் ஆளுக்கு 4,500 யூரோ போனஸ் கொடுத்தார்கள். பல லட்சம் ரூபாய் விலையில் பெரும்பகுதி பெயருக்கும் அரிதான தன்மைக்கும் போகிறது, அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் தைக்கிற ஆளுக்கு நேரமும் மரியாதையும் கொடுத்து அந்தச் செலவை வாங்குபவரிடம் வெளிப்படையாகக் கேட்கிறார்களே, அதை நான் மதிக்கிறேன். நம் பக்கம் பீஸ் ரேட்டில் ஒரு நாளைக்கு எத்தனை பை முடித்தாய் என்பதுதான் கேள்வி, எப்படித் தைத்தாய் என்று யாரும் கேட்பதில்லை. கை நம்மிடமும் இருக்கிறது. இருபது மணி நேரம் ஒரே பையில் உட்கார விடுகிற முதலாளிதான் இல்லை.

ஃபர்ஸ்ட் காப்பி, அதாவது அசல் மாதிரியே தைத்த போலிப் பை, வாங்கலாமா என்று என்னிடம் நிறையப் பேர் கேட்கிறார்கள், மும்பையில் தடுக்கி விழுந்தால் கிடைக்கும். வேண்டாம். அந்தக் காசுக்கு அதே தாராவியில் பெயரில்லாத நல்ல பசுத்தோல் பை ஒன்றைக் கையால் தைக்கச் சொல்லி வாங்குங்கள், செய்து தர ஆள் இருக்கிறார்கள், தைக்கிறவனுக்கும் அவன் வேலைக்கான கூலி கிடைக்கும். காப்பி தைக்கிறவன் கை என்றைக்கும் அடுத்தவன் வடிவத்துக்குள்ளேயே முடங்கிக் கிடக்கும்.

நிறுவனம் இன்னும் குடும்பத்திடம் இருப்பதும் இந்தத் தரத்துக்கு ஒரு காரணம் என்று நினைக்கிறேன். 1993இல் பங்குச் சந்தைக்கு வந்தது, 2010இல் லூயி வித்தோன் முதலிய பிராண்டுகளை வைத்திருக்கும் எல்விஎம்எச் குழுமம் சத்தமில்லாமல் 17 சதவீதத்துக்கு மேல் சேர்த்துவிட்டதாக அறிவித்தது. பங்காளிகள் எல்லோரும் சேர்ந்து பாதிக்கு மேற்பட்ட பங்குகளை ஒரே கம்பெனிக்குள் போட்டுப் பூட்டினார்கள், 2014இல் சமரசமாகி எல்விஎம்எச் விலகியது. சொத்துக்காக அண்ணன் தம்பி கோர்ட்டுக்குப் போகிற கதைகளையே கேட்டு வளர்ந்த நமக்கு, ஆறாம் தலைமுறை ஆக்சல் துமா தலைமையில் இத்தனை பங்காளிகளும் ஒன்றாக நிற்பது ஆச்சரியம்தான்.

என் மதிப்பீடு: வேலைத்தரத்துக்கு முழு மதிப்பெண், கடை ஆட்களுக்கும் முழு மதிப்பெண், பை விற்கும் முறைக்குப் பாதி கூடத் தர மாட்டேன். போகிறவர்கள் வார நாளில் மதியத்துக்கு முன் போங்கள், கூட்டம் இருக்காது, நிதானமாகக் காட்டுவார்கள். கைப்பிடி அடி, ஓரம், பூட்டு வார், பர்ஸின் உள்மடிப்பு, இவற்றை வரிசையாகக் கேட்டுப் பாருங்கள். கடைக்கு என் வேண்டுகோள் ஒன்று உண்டு. டெட்ராய்ட், கியோத்தோ போன்ற ஊர்களில் தங்கள் கைவினைஞர்களைக் கூட்டிப்போய் மக்கள் முன் உட்கார வைத்துத் தைத்துக் காட்டியிருக்கிறார்கள். ஹார்னிமன் சர்க்கிள் கடையில் அப்படி ஒரு தையல் மேசை நிரந்தரமாக வேண்டும், அதுவும் அந்தத் தெரு சன்னலுக்குப் பின்னால். எங்கள் பட்டறைப் பையன்களை ஞாயிறு விட்டு ஞாயிறு நானே கூட்டி வருவேன்.